எல்லாந்தலை

இரவு ஒன்று நாற்பது.
ஜெர்மனியில் பத்தேகால் கூட ஆகவில்லை.
வில்லாபுரத்தில், மின்விசிறியின் கிரீச்சுக்கு அடியில்,
சத்தத்தை அணைத்த கைபேசியில்
அறுநூற்றுப் பதினெட்டாம் காசு ஏலத்துக்கு வருகிறது.

"தென்னிந்தியா. செம்பு. குறுநில மன்னர், யாரெனத் தெரியவில்லை.
எழுத்து படிக்க இயலாது. 3.43 கிராம்."
இயலாதுதான்,
படத்தைத் தலைகீழாகப் போட்டால்.

கைபேசியைத் திருப்பினேன். படமும் கூடவே திரும்பியது,
வீம்பு பிடித்த பிள்ளை மாதிரி.
என் தலையைத்தான் திருப்ப வேண்டியிருந்தது.
புள்ளி வைக்காத எழுத்து. பாதி தேய்ந்தது.
லா.
ந.
பிறகு, விளிம்பை ஒட்டி, தலை.

எல்லாந்தலையானான்.
பாண்டியரில் ஒருவன் தன்னை அப்படித்தான்
அடித்துக்கொண்டான், செம்பில்,
உப்பு வாங்கப் போகும் சில்லறையில்.

பகலில் நான் தெற்காவணி மூல வீதியில்
நகைக்கடைத் தராசுகளைப் பழுது பார்க்கிறவன்.
முள் இல்லாத காலம்; எண்கள்தான் நடுங்கும்.
திறந்து, தூசி ஊதி, படிக்கல் வைத்து
சரி என்று எழுதிக் கொடுப்பேன்.
அடுத்தவர் தங்கம் கிலோக்கணக்கில் என் கை வழியே போயிருக்கிறது.
எனக்கென்று பிஸ்கட் டப்பாவில்
நாற்பத்தொரு செம்புக் காசு.

முப்பது யூரோ. நான்.
முப்பத்தைந்து. 212.
நாற்பது. நான்.
212 யோசிப்பதே இல்லை.

முதுகுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.
"ரம்மியா?"
குமுதவல்லி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
அவள் தம்பி ஒரு ஆட்டோவை
ஆறே ராத்திரியில் ரம்மிக்குக் கொடுத்தவன்.

காசு, என்றேன். பழைய காசு. நம்மூர்க் காசு.
"நம்மூர்க் காசு அங்க என்ன பண்ணுது?"
அதற்கு என்னிடம் விடை இல்லை.
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளும் கழுத்தைச் சாய்த்தாள்.
அறுபது. அறுபத்தைந்து.
"யாரு அது, எரநூத்திப் பன்னெண்டு?"
தெரியாது. ஆனால் அவனும் இப்போது
எங்கோ ஒரு கட்டிலில் கழுத்தை ஒடித்துக்கொண்டு
ல, ந என்று கூட்டிப் படிக்கிறவன்.
டொராண்டோவாக இருக்கலாம்.
சிம்மக்கல்லாகவும் இருக்கலாம்.

எண்பது, அவன்.
நான் நிறுத்தினேன்.
கமிஷன் இருபது சதம், தபால் செலவு, சுங்கவரி,
ஐந்தாம் தேதி வாடகை.
விரல் திரைக்கு மேலே நின்றது,
தராசுத் தட்டில் ஈ உட்காரப் போவது போல.

அவள் அழுத்திவிட்டாள்.

எண்பத்தைந்து.
ஒன்பது வினாடி ஓடியது.
212 பேசவில்லை.
ஜெயித்தோமா என்று அவள் கேட்டாள்.
ஏனோ எனக்கு அவன்மேல்தான் இரக்கம் வந்தது.

விளக்கை அணைத்த பிறகு, இருட்டில்:
"எல்லாமே தலைன்னா
பூ எப்பத்தான் விழும்?"

ஐந்து வாரம் கழித்து தல்லாகுளம் தபாலாபீசில்
வரி கட்டி எடுத்து வந்தேன்.
படிவத்தில் ஒரு கட்டம்: பொருள் உருவான நாடு, இந்தியா.
இன்னொரு கட்டம்: இறக்குமதி.
அதிகாரி இரண்டையும் பார்த்தார்,
என்னையும் ஒருமுறை பார்த்தார், முத்திரை குத்தினார்.

முதலில் எடை போட்டேன்.
3.41.
மறுபடி 3.41. படிக்கல் வைத்துச் சோதித்தாயிற்று.
அந்த ஊர்த் தராசுக்கு
இருபது மில்லிகிராம் பொய் இருக்கிறது.
யாராவது போய்ப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

"கொடுங்க இப்படி" என்று வாங்கிய குமுதவல்லி
நான் ஐயோ என்பதற்குள் சுண்டிவிட்டாள்.
எழுநூறு வருஷத்துக்கு முந்தைய செம்பு
டியூப்லைட் வரை போய்த் திரும்பி
அவள் மணிக்கட்டில் விழ, மேலே கையை மூடினாள்.
"பூவா தலையா?"

தலை, என்றேன்.
"எனக்கும் தலைதான்" என்றாள்.
கையை எடுத்தாள்.
நின்ற கோலத்தில் ஒரு ராஜா, முகம் தேய்ந்து போய்.
இது தலையா பூவா என்று
சாப்பாடு ஆறும்வரை சண்டை போட்டோம்.